பட்டம் ஒரு வழி, குருதி ஒரு வழி

புதுக்கோட்டையை 1686 முதல் 1948 வரை ஆண்ட தொண்டைமான்களின் வரிசையில் 9 மன்னர்கள் இடம்பெறுகின்றனர். அவர்களுள் முதல் அறுவரின் பெயரிலும் ரகுநாதன் என்ற பெயர் தொடர்ந்து வருவதால், வரிசையை மேலோட்டமாகப் பார்ப்பவருக்கு அது தந்தையிடமிருந்து மகனுக்கு இடையறாமல் இறங்கிவந்த ஒரே கொடியாகத் தோன்றும். ஆனால் அந்த 9 பேருக்கிடையே நிகழ்ந்த 8 பட்ட மாற்றங்களையும் தனித்தனியே எடுத்துப் பார்த்தால், 1769, 1807, 1839 ஆகிய 3 ஆண்டுகளில் மட்டுமே அரியணை தந்தைக்குப் பின் நேரே மகனுக்குச் சென்றிருக்கிறது. 1730இல் பாட்டனுக்குப் பின் பேரனும், 1789இல் ஆண் வாரிசு இல்லாத மன்னருக்குப் பின் அவருடைய பங்காளி முறைச் சகோதரரும், 1825இல் அண்ணனுக்குப் பின் தம்பியும், 1886இல் சுவீகாரம் எடுக்கப்பட்ட மகள் வயிற்றுப் பேரனும், 1928இல் அரச குடும்பத்திலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்ட 6 வயதுச் சிறுவனும் பட்டத்துக்கு வந்தனர்.

தந்தைவழி முன்னோரைத் தேடும் ஆர்வம் இன்று உலகெங்கும் பெருகியுள்ளது. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பல குடும்பங்கள் தம் முன்னோரை 1066இல் இங்கிலாந்தை வென்ற நார்மன் வீரர்களிடமும், அவர்களுக்கும் மூத்த வைக்கிங் கடலோடிகளிடமும் கொண்டுபோய்ச் சேர்க்க முயல்கின்றன. தமிழ்நாட்டிலோ சேர, சோழ, பாண்டிய, பல்லவர்களிடம் அந்தத் தேடல் முடிகிறது. இரு இடங்களிலும் தேடுவோர் ஒரே இடத்தில்தான் தடுமாறுகின்றனர்: அவைப் புலவர் எழுதிய வம்சாவளி, சட்டமும் வழக்கமும் ஏற்ற வாரிசுரிமை, உடலில் இறங்கிய குருதி என்ற மூன்றும் ஒன்றே என்று அவர்கள் எடுத்துக்கொள்கின்றனர். இம்மூன்றும் எங்கெங்கே பிரிந்து செல்கின்றன என்பதைப் பார்ப்பதற்குப் புதுக்கோட்டை மாவட்டம் போல வசதியான இடம் குறைவு.

இந்திரனும் திராய் நகரமும்

வம்சாவளி என்பது ஒரு குலத்தின் தலைமுறைகளை வரிசையாகச் சொல்லும் நூல் அல்லது ஏடு. தொண்டைமான்களுக்கு அத்தகைய நூலாக அமைந்தது, அவர்களுடைய அவையில் இருந்த நுதுருபாடி வெங்கனா 18ஆம் நூற்றாண்டில் தெலுங்கில் பாடிய தொண்டைமான் வம்சாவளி. அது இந்தக் குலத்தை இந்திரனின் வழித்தோன்றலாகக் காட்டி, பச்சைத் தொண்டைமான் என்பவரிடமிருந்து தலைமுறைகளை எண்ணத் தொடங்குகிறது. குடும்பம் திருப்பதியை அடுத்த தொண்டைமண்டலப் பகுதியிலிருந்து தெற்கே வந்து கறம்பக்குடி, அம்புக்கோவில் வட்டாரத்தில் குடியேறியது என்பதும், ஆவுடை ரகுநாதத் தொண்டைமான் விஜயநகர மன்னர் ஸ்ரீரங்கராயரின் மதங்கொண்ட யானையை அடக்கிப் பட்டங்கள் பெற்றார் என்பதும் குடும்ப மரபு. அவருடைய மகன் ரகுநாதராயத் தொண்டைமானிடமிருந்துதான் செய்திகள் வரலாற்றின் வெளிச்சத்துக்கு வருகின்றன. இராமநாதபுரத்தின் கிழவன் சேதுபதி அவருடைய தங்கை காதலி நாச்சியாரை மணந்து, அதுவரை பல்லவராயர்களிடம் இருந்த புதுக்கோட்டைப் பகுதியை அவருக்கு அளித்தார். ஆகவே தந்தைவழியாக எண்ணப்படும் இந்த அரசின் தோற்றத்திலேயே, வாரிசுப் பட்டியலில் இடம்பெறாத ஒரு பெண்ணின் திருமணம் நிற்கிறது.

பிரான்சின் வடக்கே நார்மண்டியிலும் இதே போக்கைக் காணலாம். வடகடல் நாடுகளிலிருந்து வந்து செய்ன் ஆற்றங்கரையைச் சூறையாடிய ரோலோ என்ற வைக்கிங் தலைவருக்கு, 911இல் பிரான்சிய மன்னர் மூன்றாம் சார்லஸ் ரூவான் நகரையும் அதைச் சூழ்ந்த நிலத்தையும் கொடுத்துச் சமாதானம் செய்துகொண்டார். ரோலோ கிறிஸ்தவரானார், அவருடைய மக்கள் சில தலைமுறைகளுக்குள் பிரெஞ்சு பேசும் நார்மன்கள் ஆயினர். அவருடைய பேரன் முதலாம் ரிச்சர்டு, குலத்தின் வரலாற்றை எழுதும் பணியைத் தூதோ என்ற குருவானவரிடம் ஒப்படைத்தார். தூதோ, ரோலோவை டேனியர் என்று எழுதியதோடு, டேனியர்களின் முன்னோரைக் கிரேக்கக் காவியத்தில் வரும் திராய் நகரத்து வீரனிடம் கொண்டுசேர்த்தார். பிற்கால ஐஸ்லாந்துக் கதைகளோ அவரை நார்வே நாட்டுச் சிற்றரசர் ஒருவரின் மகன் என்கின்றன. டேனியரா நார்வேயரா என்ற வழக்கு இன்றும் தீரவில்லை. நிலத்தைப் புதிதாகப் பெற்ற குலம் தனக்குப் பழமையான தோற்றம் ஒன்றை வேண்டுவதும், சில தலைமுறை கழித்து ஒரு புலவர் அதை வழங்குவதும் காவிரிக்கும் செய்னுக்கும் பொதுவாக இருந்திருக்கின்றன.

பெயர் ஒன்றாக இருப்பதாலேயே வழியும் ஒன்று என்று கொள்வது இத்தேடலில் அடிக்கடி நேரும் பிழை. சங்க காலத்துத் தொண்டைமான் இளந்திரையன் காஞ்சியில் ஆண்டவர். முதற்குலோத்துங்கனின் படைத்தலைவரான கருணாகரத் தொண்டைமான் கலிங்கப் போரால் புகழ்பெற்றவர். இன்றைய புதுக்கோட்டை மாவட்டத்துக்குள்ளேயே அறந்தாங்கியில், புதுக்கோட்டைத் தொண்டைமான்களுக்கு முன்பே வேறொரு தொண்டைமான் மரபினர் ஆட்சி செய்தனர். இவர்களை ஒரே கொடியில் கோப்பதற்குத் தலைமுறைக்குத் தலைமுறை சான்று வேண்டும்; பட்டப்பெயர் ஒற்றுமை அந்தச் சான்று ஆகாது. இங்கிலாந்திலும் பெர்சி, புரூஸ், சின்கிளேர் போன்ற குடும்பப் பெயர்கள் நார்மண்டியின் ஊர்ப் பெயர்களிலிருந்து பிறந்தவை. எனினும் 1066இல் நார்மன் படையை நடத்திய வில்லியமுடன் போர்க்களத்தில் நின்றதாகச் சமகாலச் சான்றால் உறுதிசெய்யப்பட்டவர்கள் 20 பேர் அளவில்தான் தேறுகின்றனர். அதற்குப் பின் எழுந்த பட்டியல்களில் நூற்றுக்கணக்கான பெயர்கள் சேர்ந்துகொண்டன.

கொடும்பாளூர்க் கல்லில் விடுபட்ட முதல் பெயர்

ஏட்டைவிடக் கல் உறுதியானது என்ற நம்பிக்கைக்கும் இம்மாவட்டத்திலேயே ஒரு சோதனை உண்டு. விராலிமலைக்கு அருகே உள்ள கொடும்பாளூரில், பூதி விக்கிரமகேசரி என்ற இருக்குவேளிர் குலத் தலைவர் தன் பெயராலும் தன் தேவியர் கற்றளி, வரகுணை ஆகியோர் பெயராலும் எடுப்பித்த மூவர் கோயிலில், கிரந்த எழுத்தில் அமைந்த வடமொழிக் கல்வெட்டு ஒன்று அவருடைய முன்னோரை வரிசையாகக் கூறுகிறது. பரவீரஜித், வீரதுங்கன், அதிவீரன், சங்ககிருத், நிருபகேசரி, வாதாபியை வென்றவராகச் சொல்லப்படும் பரதுர்க்கமர்த்தனன், சோழ இளவரசி அனுபமாவை மணந்த சமராபிராமன் என்று இறங்கிவரும் அந்த வரிசை பூதியிடமும், அவருக்குக் கற்றளி பெற்ற பராந்தகன், ஆதித்தவர்மன் என்ற மைந்தரிடமும் முடிகிறது. ஆனால் கல்வெட்டின் தொடக்கப் பகுதி சிதைந்துபோனதால், குலத்தின் முதல்வராகச் சொல்லப்பட்டவருடைய செயல் எஞ்சியிருக்கப் பெயர் மறைந்துவிட்டது.

இக்கல்வெட்டை அணுகும் ஆய்வாளர்கள் இரண்டு செய்திகளை மனத்தில் கொள்வர். முதலாவது, பூதிக்கு அண்மையான தலைமுறைகளைப் பற்றிய செய்தியைப் பிற கல்வெட்டுகளோடு ஒப்பிட முடியும். தொலைவான தலைமுறைகளுக்கு அந்த வாய்ப்பு குறைந்துகொண்டே போகிறது. இரண்டாவது, குலத்தின் அரசியல் நிலை தந்தையரால் மட்டும் அமையவில்லை. அனுபமா போன்றோரின் மணவுறவால்தான் இருக்குவேளிர் சோழர்களோடு நெருங்கினர். புதுக்கோட்டைச் சமஸ்தானம் தன் எல்லைக்குள் இருந்த கல்வெட்டுகளைத் தொகுத்து 1929இல் நூலாக வெளியிட்டதால், இத்தகைய ஒப்பீட்டுக்கு வேண்டிய மூலங்கள் பிற வட்டாரங்களைவிட இங்கு எளிதாகக் கிடைக்கின்றன.

சுவீகாரப் பிள்ளையும் பெற்ற பிள்ளையும்

1839 முதல் ஆண்ட இராமச்சந்திரத் தொண்டைமானுக்குப் பின் பட்டத்துக்கு உரிய ஆண் வாரிசு இல்லாத நிலை ஏற்பட்டது. அந்தக் காலத்தில் இது குடும்பக் கவலையாக மட்டும் இருக்கவில்லை. அண்டையிலிருந்த தஞ்சாவூரில் 1855இல் மன்னர் ஆண் வாரிசின்றி இறந்ததைக் காரணம் காட்டிக் கிழக்கிந்தியக் கம்பெனி அந்த அரசையே முடித்துவிட்டது. 1857 கிளர்ச்சிக்குப் பின் ஆங்கில அரசு தன் போக்கை மாற்றிக்கொண்டு, சுதேச மன்னர்கள் சுவீகாரம் எடுக்கலாம் என்று சனதுகள், அதாவது அரசு முத்திரையிட்ட உரிமைப் பத்திரங்கள், வழங்கியது. புதுக்கோட்டைக்கு அது 1862இல் கிடைத்தது. அந்த உரிமையின்படி இராமச்சந்திரர் 1877இல் தம் மூத்த மகள் பிரகதாம்பாள் ராஜம்மணி பாயின் மகனைச் சுவீகாரம் எடுத்தார். அக்குழந்தையே 1886இல் பட்டமேறிய மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான்.

மார்த்தாண்டரைப் பெற்ற தந்தை குழந்தைசாமி பல்லவராயர். எனவே சட்டப்படியும் சடங்குப்படியும் தொண்டைமான் வழி 1886இல் தடையின்றித் தொடர்ந்தது. பெற்றவர் வழியில் பார்த்தால், முதல் தொண்டைமானுக்கு முன்பு நாடு எந்தப் பட்டத்தாரிடம் இருந்ததோ அதே பல்லவராயர் பட்டம் தாங்கிய ஒருவரின் மகன் அரியணைக்கு வந்தார். இதை அக்காலத்தில் யாரும் முரணாகக் கருதவில்லை, ஏனெனில் சுவீகாரச் சடங்கு நிறைவேறியதும் பிள்ளை பெற்ற வீட்டின் வழியிலிருந்து நீங்கி எடுத்த வீட்டின் வழியில் சேர்ந்துவிடுகிறான் என்பது தர்மசாத்திரமும் ஊர் வழக்கமும் ஒப்பிய முடிவு.

அடுத்த தலைமுறையில் இதற்கு நேர்மாறான நிகழ்ச்சி நடந்தது. மார்த்தாண்டர் 1915இல் ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த மாலி ஃபிங்க் என்ற பெண்ணை மணந்தார். 1916இல் மார்த்தாண்ட சிட்னி என்ற மகன் பிறந்தான். முறையான திருமணத்தில் பிறந்த பெற்ற மகனாக இருந்தும், அவனை வாரிசாக ஏற்க ஆங்கில அரசு மறுத்தது. மன்னர் நாட்டை விட்டு ஐரோப்பாவில் வாழ்ந்து 1928இல் பாரிசில் இறந்தபோது, பட்டம் இராஜகோபாலத் தொண்டைமானுக்குச் சென்றது. 1948 மார்ச்சில் சமஸ்தானம் இந்திய ஒன்றியத்தில் இணையும்வரை ஆண்டவர் அவரே. நார்மன் வரலாற்றில் இதற்கு எதிரிடையாக நிற்பவர் வில்லியம்: அவர் ரோலோவிலிருந்து ஐந்து தலைமுறை கீழே, மணவுறவுக்கு வெளியே பிறந்தவர், எனினும் தந்தை அவரை வாரிசாக அறிவித்து, பிரபுக்களும் அதை ஏற்றதால் 1035இல் நார்மண்டி அவர் கைக்கு வந்தது. மணத்துக்கு வெளியே பிறந்தவர் நாட்டைப் பெற்றதும் மணத்தில் பிறந்தவர் இழந்ததும், வாரிசு என்ற நிலை பிறப்பால் தானாக அமைவதன்று, ஏற்கும் அதிகாரம் உள்ளவர் ஏற்பதால் அமைவது என்பதைத் தெளிவாக்குகின்றன.

ஒய் குரோமோசோம் சொல்வதும் சொல்லாததும்

குருதிவழியை மட்டும் தனியே பிரித்துக் காட்டும் கருவி 20ஆம் நூற்றாண்டின் இறுதியில் கிடைத்தது. மனித உயிரணுவில் உள்ள 23 இணைக் குரோமோசோம்களில் ஓர் இணை பாலினத்தைத் தீர்மானிக்கிறது. பெண்ணுக்கு இரண்டு எக்ஸ், ஆணுக்கு ஓர் எக்சும் ஓர் ஒய்யும் இருக்கும். மற்றவை ஒவ்வொரு தலைமுறையிலும் தாய், தந்தை பகுதிகளாகக் கலந்துவிட, ஒய் குரோமோசோமின் பெரும்பகுதி மட்டும் கலப்பின்றித் தந்தையிடமிருந்து மகனுக்குச் செல்கிறது. அரிதாக அதில் நேரும் சிறு எழுத்துப் பிழை போன்ற மாற்றம் அதன்பின் வரும் ஆண்மக்கள் அனைவரிடமும் நிலைத்துவிடும். இத்தகைய மாற்றங்களை அடையாளமாகக் கொண்டு உலகின் தந்தைவழிகளைப் பிரித்த பெரும் கிளைகளை ஹாப்லோகுழுக்கள் என்பர்.

ஹாப்லோகுழு குலத்தின் பெயரைச் சொல்வதில்லை. நார்வேயில் மிகுதியாகக் காணப்படும் ஆர்1ஏ என்ற பெருங்கிளை இந்தியாவிலும் பல சமூகங்களில் காணப்படுகிறது. ஆனால் ஸ்காண்டிநேவியாவின் இசட்284 என்ற உட்கிளையும் தெற்காசியாவின் இசட்93 என்ற உட்கிளையும் பிரிந்து ஏறத்தாழ 5,000 ஆண்டுகளுக்கு மேலாகிறது. எனவே சோதனை முடிவில் ஆர்1ஏ என்று கண்ட தமிழர் தம்மை வைக்கிங் வழியினர் என்று எண்ணினால் அது தவறு. வைக்கிங்குகள் கடலில் இறங்குவதற்கு வெகு காலம் முன்பே அவ்விரு வழிகளும் பிரிந்துவிட்டன. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் பிச்சப்பன் பங்கேற்ற ஆய்வுகளில் உசிலம்பட்டி வட்டாரத்தில் கண்டறியப்பட்ட எம்130 என்ற அடையாளமும் இத்தகையதே: அது ஆப்பிரிக்காவிலிருந்து வெளியேறிய ஆதி மனிதரின் 50,000 ஆண்டுகளுக்கு மேற்பட்ட நெடும்பயணத்தைப் பற்றிப் பேசுகிறதே அன்றி, எந்த மன்னரைப் பற்றியும் எந்தப் படையெடுப்பைப் பற்றியும் பேசவில்லை.

ரோலோவின் தாயகம் எது என்ற பழைய வழக்கை இக்கருவியால் தீர்க்கும் முயற்சி 2016இல் நடந்தது. அவருடைய பேரனும் கொள்ளுப்பேரனுமான முதலாம், இரண்டாம் ரிச்சர்டுகளின் எலும்புகள் இருப்பதாக நம்பப்பட்ட பெட்டிகளை நார்வே, பிரெஞ்சு ஆய்வாளர்கள் ஃபெக்காம் மடத்தில் திறந்தனர். ஆனால் காலக்கணிப்பில் அந்த எலும்புகள் ரோலோவுக்கும் முற்பட்டவை, ஒன்று கிறிஸ்து பிறப்பதற்கு முந்தையது என்று தெரியவந்தது. 2012இல் லெஸ்டர் நகரில் கண்டெடுக்கப்பட்ட இங்கிலாந்து மன்னர் மூன்றாம் ரிச்சர்டின் எலும்புக்கூடு இன்னொரு பாடம் தந்தது. தாய்வழி மரபணு இன்றைய உறவினரோடு பொருந்தியது. ஆவணங்களின்படி அதே தந்தைவழியில் வந்ததாகக் கருதப்பட்டவர்களின் ஒய் குரோமோசோமோ அவருடையதோடு பொருந்தவில்லை. எழுத்தில் அறுபடாத அந்த வழி குருதியில் எங்கோ அறுந்திருக்கிறது என்று 2014இல் ஆய்வாளர் முடிவு கூறினர்.

தலைக்கட்டும் குலசாமியும்

அரச குடும்பமல்லாத ஒரு குடும்பம் இம்மாவட்டத்தில் தன் தந்தைவழியைத் தேடப் புகுந்தால், முதலில் எதிர்ப்படும் தடை பெயரிடும் முறை. தந்தையின் பெயர் முன்னெழுத்தாக மட்டும் நிற்பதால் ஆவணம் ஒன்று இரண்டு தலைமுறையையே காட்டும். பாட்டன் பெயரைப் பேரனுக்கு வைக்கும் வழக்கத்தால் கருப்பையா மகன் சின்னையா, சின்னையா மகன் கருப்பையா என்று இரண்டே பெயர்கள் மாறி மாறி வந்து, எந்தக் கருப்பையா எவர் என்ற குழப்பம் எழும். ஆண்டும் ஊரும் குறிக்கப்பட்ட பத்திரம் இல்லாமல் இந்த முடிச்சு அவிழாது.

பத்திரத்துக்கு முன்பே உதவுவது குலசாமி கோயில். குலதெய்வம் தந்தைவழியில் இறங்குவது. மணமான பெண் கணவன் வீட்டுச் சாமியை ஏற்கிறாள். திருவிழாவுக்கு வரி எழுதும்போது மணமான ஒவ்வோர் ஆணும் ஒரு தலைக்கட்டாகக் கணக்கிடப்படுவதால், தலைக்கட்டு வரி நோட்டு தானாகவே ஒரு பங்காளிப் பட்டியலாகிவிடுகிறது. குளமங்கலம் பெருங்காரையடி மீண்ட அய்யனார் கோயிலில், மாசி மகத்தன்று அந்தப் பிரமாண்டமான குதிரைச் சிலை மறையும் அளவுக்குக் காகிதப்பூ மாலைகள் சாத்தப்படும் நாள் போன்ற திருவிழா நாட்கள், வெளியூர் போன குடும்பங்களும் சொந்த ஊருக்குத் திரும்பும் நாட்கள். எந்த ஊருக்கு எந்த வகையறா பிரிந்து போனது என்ற செய்தி அங்கே வாய்மொழியாகக் கிடைக்கும். குடிபெயர்ந்தோர் பழைய கோயிலிலிருந்து பிடிமண் எடுத்துச்சென்று புதிய ஊரில் சாமியை நிறுவியிருந்தால், அதைக் கொண்டு முந்தைய ஊரை அடையலாம்.

இன்னும் ஒழுங்கான பதிவு நகரத்தாரிடம் உள்ளது. ராயவரம், அரிமளம், நச்சாந்துபட்டி போன்ற இம்மாவட்டத்து ஊர்களில் வாழும் நகரத்தார் குடும்பம் ஒவ்வொன்றும், இன்றைய சிவகங்கை மாவட்டத்தில் உள்ள இளையாத்தங்குடி, மாத்தூர், வைரவன்பட்டி, நேமம், இலுப்பைக்குடி, சூரக்குடி, வேலங்குடி, இரணியூர், பிள்ளையார்பட்டி என்ற 9 கோயில்களில் ஒன்றைச் சேர்ந்தது. திருமணத்தின்போது கோயிலிலிருந்து மாலை வருவதும், மணமக்கள் ஒரு புள்ளியாக, அதாவது வரி செலுத்தும் தனிக் குடும்பமாக, பதியப்படுவதும் மரபு. சுவீகாரம் எடுப்பதாயினும் அதே கோயிலைச் சேர்ந்த பங்காளி வீட்டுப் பிள்ளையை எடுப்பதே அவர்கள் வழக்கம். அரச குடும்பம் மகள் வயிற்றுப் பேரனை எடுத்ததற்கும் இதற்கும் உள்ள வேறுபாடு, சுவீகாரம் என்ற ஒரே ஏற்பாடு ஒரு குடியில் குருதிவழியைத் தொடரவும் இன்னொரு குடியில் மாற்றவும் கூடும் என்பதைக் காட்டுகிறது.

நிலத்தோடு உறவுள்ள குடும்பங்களுக்கு 1888இல் திவான் சேஷையா சாஸ்திரியின் காலத்தில் நடந்த இனாம் தீர்வு பயன்படும். படைச் சேவைக்கும் கோயில் ஊழியத்துக்கும் ஈடாக வரி நீக்கியோ குறைத்தோ விடப்பட்ட நிலமே இனாம். சமஸ்தானத்தின் நிலத்தில் பெரும்பகுதி அவ்வாறு விடப்பட்டிருந்ததால், அதை அனுபவித்தவர் யார், எந்த உரிமையில் அனுபவித்தனர் என்று அப்போது எழுதப்பட்ட குறிப்புகள் பல குடிகளின் வரலாற்றுக்கு முதல் எழுத்துச் சான்றாகின்றன.

இவ்வழிகளில் தேடிச் சேர்க்கும் மரபுக்கொடியில், ஒவ்வொரு கண்ணியும் எந்தச் சான்றால் நிற்கிறது என்பதையும் உடன் எழுதிவைப்பதே முறையான ஆய்வு: இது பத்திரம், இது கோயில் நோட்டு, இது மூத்தோர் சொன்னது, இது சுவீகாரம், இது பெயர் ஒற்றுமையால் எழுந்த ஊகம் என்று பிரித்துக் காட்டினால், அடுத்து வருபவர் எங்கே நம்பலாம், எங்கே மீண்டும் தேடவேண்டும் என்று அறிவார். 10 தலைமுறைக்கு மேலே சென்றால் ஒருவருக்கு முன்னோர் இடங்கள் 1,024. தந்தைக்குத் தந்தையாக ஏறும் வழி அவற்றில் ஒன்றே ஒன்றைத்தான் தொடுகிறது. மற்ற 1,023 இடங்களிலும் காதலி நாச்சியாரையும் அனுபமாவையும் போன்ற பெண்களும், அப்பெண்களின் தந்தையரும் அமர்ந்திருக்கின்றனர். ஆகவே தந்தைவழி என்பது குடும்பத்தின் முழு வரலாறு ஆகாது. பெயரும் நிலமும் சாமியும் எந்த வழியாகக் கைமாறின என்பதற்கான கணக்கு அது, அந்தக் கணக்கை மன்னர் குடும்பமும் குடியானவர் குடும்பமும் குருதியை மட்டும் வைத்து எழுதியதில்லை.